மாடிப்படி ரவுட்டர்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்குக் கண்ணாடிக்காரர் போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தார். திறந்தவருக்கு முதலில் தன் கண்ணிலேயே சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் கையால் போட்டுவைத்த வரிசையில், தான் போடாத ஒரு பெயர் முதலாவதாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. பிசி-4471. அப்படி ஒரு பெயரை அந்த வீட்டில் அவர் கேள்விப்பட்டதே இல்லை.

கண்ணாடிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது தொழில். கால் பவர் வித்தியாசத்தைக்கூட விரலால் தடவிச் சொல்லிவிடுவார் என்று கடையில் பேச்சு. ஆனால் ஒரு குணம். யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். கேட்டால் தனக்குத் தெரியாது என்று வெளியே தெரிந்துவிடுமாம். தெரியாததை வைத்துக்கொண்டே நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வாரே தவிர, வாயைத் திறக்க மாட்டார்.

அந்த வரிசை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் நெட்டில் தொங்குகிற ஒவ்வொன்றையும் ரவுட்டர் பெயர் போட்டுக் காட்டும். மேலே இருப்பதற்கு நெட் முதலில் போகும். கீழே கிடப்பது மிச்சம் மீதியைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். கண்ணாடிக்காரர் முதலிடத்தில் வைத்தது 'வீட்டு லேப்டாப்'. இப்போது அது இரண்டாவதாக இறங்கியிருந்தது. மூன்றாவதாக இருந்த மாடிவீட்டு டிவி கடைசிக்குப் போயிருந்தது.

அதுதான் அவரை ரொம்பக் குழப்பியது. எவனோ ஓசி நெட்டுக்குள் புகுந்து முதலிடத்தைப் பிடித்தான் என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. மாடிவீட்டு டிவியை எதற்குக் கீழே தள்ளினான்? திருடனுக்கும் அண்ணனுக்கும் என்ன பகை?

பகை என்றால் அது இவருக்கும் அண்ணனுக்கும்தான். கீழ்வீடு இவருடையது, மேல்வீடு அண்ணனுடையது. நடுவில் பதினான்கு படி. ஏழாவது படியில், திரும்புகிற இடத்தில், சுவரில் ஒரு பலகை. ரவுட்டர் அதன் மேல் இருந்தது. பேச்சுவார்த்தை இருந்த காலத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அண்ணன் பெயரில் வாங்கிய கனெக்‌ஷன். மாடிக்குக் கம்பி போகும், கீழ்வீட்டுக்கு வைஃபை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தது யார் என்பதில் பேச்சு தடித்தது. வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் அண்ணன் சொன்னார்:

“இவன் எதத் தொட்டாலும் பாதியில விட்டுடுவான். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.”

மோட்டாரை மறந்தது உண்மையில் கண்ணாடிக்காரர்தான். அதனால்தான் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். மதிய ஷிப்டுக்கு அவர் படியிறங்கும் நேரம் பார்த்து இவர் கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டு பேருடைய மனைவிமார் மட்டும் மொட்டை மாடியில் துணி காயப்போடும் சாக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். அது ஆண்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டார்கள்.

போன மாதம் கண்ணாடிக்காரரின் மனைவிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவர் படித்த படிப்பு. ஒன்பது வருஷமாக வீட்டோடு இருந்துவிட்டார். ஒரு ஆஸ்பத்திரி, நோயாளிகளுக்கு வீடியோவில் பயிற்சி கொடுக்க ஆள் எடுத்தது. இரண்டு வாரம் பார்ப்பார்கள். நன்றாக இருந்தால் வேலை நிரந்தரம். ஒரே ஒரு கண்டிப்பு. ஒரு நிமிஷத்துக்கு மேல் லைன் போவது மூன்று தடவை நடந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். பேச்சுப் போனவர் பாதி வார்த்தையில் தடுமாறும்போது எதிரில் இருக்கும் முகம் மறைந்துவிட்டால், அப்புறம் வாயைத் திறக்கவே அவர் பயப்படுவாராம். மனைவி முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பெண் மாதிரி ஆறு மணிக்கே தலைவாரி, ஒன்பது மணிக்கெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

முதல் வாரம் வியாழக்கிழமை ரவுட்டர் மூச்சை நிறுத்தியது. ஒன்று போயிற்று. மிச்சம் இரண்டு. கண்ணாடிக்காரர் கம்பெனிக்குப் போன் போட்டார். பழைய பெட்டி சார், அதற்கு நாங்கள் புது மென்பொருள் விடுவதில்லை, வேறு பெட்டி தருகிறோம் என்றார்கள்.

“கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க ஒரு கையெழுத்து போடணும், அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்! பதினான்கு படி ஏறி, கதவைத் தட்டி, “அண்ணா, இதுல ஒரு கையெழுத்து” என்று சொல்ல வேண்டும். அதைவிட ரவுட்டரின் மண்டையைத் திறந்து மூளையை மாற்றுவது சுலபம் என்று தோன்றியது அவருக்கு. மாற்றவும் துணிந்துவிட்டார். கம்பெனி போட்ட மென்பொருளைக் கழற்றி எறிந்துவிட்டு, உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கும் திறந்தநிலை மென்பொருளைப் போடலாமாம். ஒரு கையெழுத்துக்குப் பயந்து இவ்வளவு தூரம் போகிற மனிதரை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழாவது படியில் உட்கார்ந்தார். மடியில் வீட்டு லேப்டாப், ரவுட்டருக்கு ஒரு கம்பி. புது மென்பொருளை ஏற்றும் பொத்தானை அழுத்தியாயிற்று. நடுவில் மின்சாரம் போனாலோ யாராவது கை வைத்தாலோ பெட்டி அதோடு செத்தது என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கை. பச்சை விளக்கு படபடவென்று அடித்துக்கொண்டது. அவர் நெஞ்சும்தான். அந்த நேரம் பார்த்து மேலே செருப்புச் சத்தம். அண்ணன் பையோடு இறங்கி வந்தார். தம்பியையும் மடியையும் கம்பியையும் பார்த்தார். கம்பியில் கால் படாமல் சுவரோரமாக ஒதுங்கி, ஒரு நொடி அந்த விளக்கையே உற்றுப் பார்த்து, தொண்டையைக் கனைத்துவிட்டு இறங்கிப் போனார்.

நாலு நிமிஷத்தில் விளக்கு ஆடாமல் நின்றது. பாதியில் விடவில்லை! அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆள் இல்லை. புது மென்பொருள் முதல் வேலையாகத் தன் பக்கத்துக்குள் நுழைவதற்கு ஒரு பாஸ்வேர்ட் கேட்டது. மறந்து தொலைக்கக் கூடாதே என்று, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பழைய பாஸ்வேர்டையே போட்டார்.

திங்கட்கிழமை மனைவியின் வகுப்புகள் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போயின. கண்ணாடிக்காரர் கடையில் நாள் முழுக்கச் சீட்டியடித்தார். மறுநாள்தான் இந்தப் பிசி-4471 வந்து வாசலில் நின்றது.

செவ்வாய் காலை அதை வரிசையிலிருந்து தூக்கி எறிந்தார். பத்தரைக்குக் கடைக்குக் கிளம்புமுன் பார்த்தால், மறுபடி முதலிடத்தில் இருந்தது. மாடி டிவி மறுபடி கடைசியில். மென்பொருள்தான் ஏதோ தானாகக் கணக்குப் போடுகிறதோ என்று நினைத்தார். இணையத்தில் ரவுட்டர் பைத்தியங்கள் கூடுகிற ஒரு குழுவில் கேள்வி போட்டார். முகம் தெரியாதவர்களிடம் கேட்பதில் அவருக்குக் கூச்சமில்லை. தானாக ஒன்றும் மாறாது, யாரோ உள்ளே வருகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். உங்கள் பாஸ்வேர்ட் வேறு யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டார்.

'எனக்கு மட்டும்தான்' என்று கண்ணாடிக்காரர் பதில் போட்டார். சத்தியமாக அப்படித்தான் நம்பினார்.

புதன்கிழமை மனைவி அறைக்குள் பயிற்சியில் இருக்கும்போதே, ஒன்பதரைக்கு அந்தப் பிசியை எடுத்துக் கடைசியில் வீசினார். வீட்டு லேப்டாப்பை முதலிடத்துக்கு ஏற்றினார். இப்போது வா பார்க்கலாம் என்று மனதுக்குள் சவால்விட்டு, நிம்மதியாகக் கடைக்குப் போனார். பதினோரு மணிக்கு மனைவியிடமிருந்து போன்.

“ரெண்டாவதும் போச்சுங்க. ஒன்றரை நிமிஷம். இன்னும் ஒண்ணுதான் பாக்கி.”

குரல் உடைந்திருந்தது. கண்ணாடிக்காரர் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். ஒன்பது வருஷம் கழித்துத் தலைவாரி உட்கார்ந்தவள். எவனோ ஒருவன் ஓசியில் படம் பார்ப்பதற்காக அவள் வேலை போக வேண்டுமா? ஆத்திரம் வந்தது. ஆனால் குழப்பம் ஆத்திரத்தையும் மிஞ்சியது. வீட்டு லேப்டாப்தான் முதலிடத்தில் இருந்ததே! பிறகு எப்படி லைன் போனது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

சாயங்காலம் வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார். பதினாறு எழுத்து, குறிகளோடு. ஒரு காகிதத்தில் எழுதி மனைவியிடம் கொடுத்து, இதை வெளியே யாரிடமும் காட்டாதே என்று சொன்னார். மனைவி வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். மாடிக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர்களுக்கு டிவி முதல் எல்லாமே கம்பியில். திருடனை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாயிற்று என்று அன்றைக்குப் பசித்துச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை பார்த்தால், பிசி-4471 முதலிடத்தில் இருந்தது.

கண்ணாடிக்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினாறு எழுத்து! அவருக்கே இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. ஒரே ராத்திரியில் அவனுக்கு எப்படித் தெரிந்தது? ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு மனிதர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் சந்தேகம் வந்தது. பால்கனியில் போனை நீட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண் மேலும் வந்தது. குழுவில் கேட்டதற்கு, ரவுட்டரின் பதிவுகளைப் பாருங்கள், யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று இருக்கும் என்றார்கள். திறந்தால் ஐந்நூறு வரி. எல்லாம் எண்களும் புள்ளிகளும். பத்து வரி படிப்பதற்குள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் ஆகிவிட்டது. மூடிவிட்டார்.

அன்று எதையும் தொடவில்லை. தொடாமல் கடைக்குப் போனார். அன்று லைன் ஒரு தடவைகூட போகவில்லை. அது ஏன் என்றும் அவருக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஆஸ்பத்திரியின் பெரிய மேடமே பத்து மணிப் பயிற்சியில் உட்கார்ந்து பார்க்கப் போவதாகச் செய்தி. நோயாளி ஒரு பஸ் டிரைவர். இரண்டு வாரமாகத் 'தண்ணி' என்கிற ஒரு வார்த்தைக்கு இரண்டு பேரும் போராடிக்கொண்டிருந்தார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் மனைவியின் குரல் நிதானமாகக் கேட்டது. “தண்... சொல்லுங்க... தண்...”

கண்ணாடிக்காரர் கூடத்தில் போனும் கையுமாக நடந்தார். இன்றைக்கு ஒரு அசம்பாவிதம் நடக்கக் கூடாது. பக்கத்தைத் திறந்தார். பிசி-4471 முதலிடத்தில் இருந்து நெட்டை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தது. இன்றைக்குப் பார்த்தா! வரிசையில் இறக்குவதெல்லாம் இனி வேலைக்காகாது என்று முடிவுகட்டினார். பெயருக்குப் பக்கத்தில் 'தடை செய்' என்று ஒரு பொத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார்.

உள்ளே மனைவியின் குரல் நின்றது. கதவு படாரென்று திறந்தது.

“ஏங்க! நெட்டு போச்சு!”

“இல்லியே, என் போன்ல வருதே.”

“எனக்கு வரல! அந்த மேடம் உக்காந்து பாத்துட்டு இருக்காங்க!”

கண்ணாடிக்காரர் அறைக்குள் ஓடினார். இரண்டு வாரத்தில் பகலில் அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. மேஜையில் வீட்டு லேப்டாப் இருந்தது. அதில் நோயாளிகளின் நேர அட்டவணை திறந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் பார்த்தே இராத கறுப்பு லேப்டாப் ஒன்று. அதன் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மூடியில் ஆஸ்பத்திரி ஸ்டிக்கர். அதில் கொட்டை எழுத்தில் பிசி-4471.

பேயறைந்த மாதிரி நின்றார்.

“இது எப்ப வந்துச்சு?”

“பதினஞ்சு நாளாச்சு! இதுலதான் பேசணும்னு கொடுத்தனுப்பினாங்க. ராத்திரி பீரோவுல பூட்டி வெச்சுடுவேன்.”

“எங்கிட்ட சொல்லலியே?”

“நீங்க கேக்கலியே! இப்பப் பேசற நேரமா இது? எதாவது பண்ணுங்க!”

சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் பக்கம் வெளியே தள்ளிவிட்டுப் பாஸ்வேர்ட் கேட்டது. தப்பாக அடித்தார். மறுபடி தப்பு. அவள் வேலையை எவனோ கெடுக்கிறான் என்று நாலு நாளாகக் கறுவிக்கொண்டிருந்தாரே, கெடுத்தது அவரேதான். மூன்றாவது முறை பக்கம் திறந்தது. தடைப் பட்டியலுக்குப் போனார். அது காலியாக இருந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர் போட்ட தடையை வேறு யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

திரையில் வட்டம் நின்று முகங்கள் வந்தன. மனைவி ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடிக்காரர் ஓசைப்படாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

சாத்திவிட்டு அங்கேயே நின்றார். யார் எடுத்தது? மென்பொருளுக்கே மூளை இருக்கிறதா? பக்கத்தில் எங்கெல்லாமோ போய்த் தேடினார். அமைப்பு என்று ஒரு பகுதி. அதற்குள் ரவுட்டரின் பெயர், நேரம், அதற்கும் கீழே 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம். பெட்டியைப் பற்றி ஏதாவது எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று மென்பொருள்காரர்கள் விட்டு வைத்த இடம். ஞாயிற்றுக்கிழமை அது காலியாக இருந்தது. இப்போது அதில் எழுத்து இருந்தது.

'திங்கள். 4471 உன் பொண்டாட்டி கம்ப்யூட்டர். மேல போட்டிருக்கேன். எடுக்காத.'

'செவ்வாய். எடுக்காதன்னு சொன்னேன்ல.'

'புதன். கண்ணு தெரியலியா? கண்ணாடிக் கடையிலதான வேலை பாக்கற?'

'வியாழன். பெட்டிய நல்லா மாத்தியிருக்க. முழுசா செஞ்சிருக்க.'

'வெள்ளி. கைய எடுடா. நான் பாத்துக்கறேன்.'

கண்ணாடிக்காரர் வியாழக்கிழமை வரியை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து கலங்கியது. தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து நாளாக ஒருவர் அவரோடு பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். இவர்தான் எதிர்வீட்டுக்காரன் பல் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினொன்றுக்குக் கதவு திறந்தது. மனைவி முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

“அம்பத்திரெண்டு செகண்டுதானாம். கணக்குல வராதுன்னுட்டாங்க. திங்கக்கிழமையில இருந்து நிரந்தரம்! இன்னொண்ணு தெரியுமா? நான் ஸ்க்ரீன்ல உறைஞ்சு போனதும் அந்த டிரைவர், ‘போச்சு’ன்னாராம். தெளிவா! ரெண்டு வாரமா தண்ணி வரல, போச்சு வந்துடுச்சு. மேடம் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க.”

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“உன் கம்ப்யூட்டர் நம்பர் மாடியில எப்படித் தெரியும்?”

“மொட்டை மாடியில அக்காகிட்ட சொன்னேன். புதுசா கொடுத்திருக்காங்க, முதுகுல நம்பரெல்லாம் ஒட்டியிருக்குன்னு. லைன் போனா வேலை போயிடும்னு அழுதேன். ஏன்?”

அவர் படியேறினார். ஏழாவது படியில் ரவுட்டரைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் அந்தப் பழைய ஸ்டிக்கர். பெட்டி வாங்கிய அன்று மார்க்கரால் எழுதி ஒட்டியது. புதன்கிழமை அவர் மாற்றியது வைஃபை பாஸ்வேர்டை மட்டும்தான்; ரவுட்டரின் பக்கத்தைத் திறப்பது இன்னும் இந்தப் பழையதுதான். எழுத்தெல்லாம் வலப்பக்கம் சாய்ந்து நிற்கும் அந்தக் கையெழுத்து யாருடையது என்று இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று உலகத்துக்கே எழுதிப் போட்டாரே! வெட்கமாக இருந்தது. மாடிவீட்டு டிவியைக் கீழே தள்ளிய திருடன் அந்த டிவிக்குச் சொந்தக்காரரே.

ரவுட்டரைப் பலகையில் வைத்தார். மேலே போக வேண்டும் என்று கால் சொன்னது. போய் என்ன சொல்வது என்று வாய் கேட்டது. மூன்று வருஷம் கழித்துப் பேசும் முதல் வார்த்தை எது? மன்னிப்பா, நன்றியா, அன்றைக்கு மோட்டாரை மறந்தது நான்தான் என்பதா? ஒன்றும் புரியாமல் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மேலே கதவு திறந்தது. அண்ணன் ஷிப்டுக்குப் போகிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தம்பியைப் பார்த்தார், ரவுட்டரைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

“மேல வர்றியா? இல்ல, இதையும் அந்தப் பெட்டியில எழுதிப் போடணுமா?”

கண்ணாடிக்காரர் மீதி ஏழு படியையும் ஏறினார்.